தூசி கேட்டு வந்தவள்

என் வீட்டுத் தூசி வேண்டும் என்று கேட்டு ஒருத்தி வந்தாள். நன்கொடை கேட்டு வந்திருக்கிறார்கள், ஓட்டுக் கேட்டு வந்திருக்கிறார்கள், கோயில் திருவிழாவுக்கு அரிசி கேட்டு வந்திருக்கிறார்கள். தூசி கேட்டு வந்தது அவள் ஒருத்திதான். அதுவும் யாரிடம்? என்னிடம்!

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் இந்த அநியாயம் முழுசாகப் புரியும். கொடைக்கானல் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் எனக்கு ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் வேலை. கட்டிலுக்கு அடியில் விரலை விட்டு ஒரு இழு இழுப்பேன். விரலில் லேசாகச் சாம்பல் ஒட்டினால் போதும், அந்த அறையைத் துடைத்தவருக்கு அன்றைக்கு மதியச் சோறு இறங்காது. நான் வருகிற சத்தம் கேட்டால் வராண்டாவில் இருக்கும் பூந்தொட்டி கூட நிமிர்ந்து நிற்கும் என்பார் என் வீட்டுக்காரர். அவர் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவர். வருகிறவர்களைச் சிரிக்க வைத்தே பழகிப்போய், வீட்டிலும் அதே சோலியாகத் திரிவார்.

செண்பகனூரில் மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து மேலே ஏறும் தெருவில், பாதி மேட்டில் எங்கள் வீடு. மேட்டின் உச்சியில் சர்ச்சும் ஒரு பேக்கரியும். டவுன் பஸ்ஸை விட்டு இறங்கினால் வளைந்து வளைந்து ஏற வேண்டும். சரியான ஏற்றம்தான். ஆனால் எனக்கு அதில் ஒரு குறையும் கிடையாது. ஏனென்றால் வளைவுக்கு வளைவு நான் நின்று வியூ பார்ப்பேன். கைப்பையைச் சுவர்மேல் வைத்துவிட்டுச் சாய்ந்து நின்றுகொள்வேன். கீழே பெரியகுளம் பக்கத்துச் சமவெளி, அடுக்கம் போகிற ரோட்டில் ஒரு துண்டு, நடுவில் மேகம். ஊரிலிருந்து பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்து பார்க்கிறார்கள், நமக்குச் சும்மா கிடைக்கிறது, பார்த்தால் என்ன? "அம்மா வியூ பாக்குறாங்க" என்பது எங்கள் வீட்டில் பழைய கேலி. அப்பாவும் மகளும் முன்னால் ஏறிப் போய், கதவைத் திறந்து, டீக்குத் தண்ணீர் வைத்தே விடுவார்கள். நான் ரசனை உள்ளவள் என்று நானே சொல்லிக்கொள்வேன்.

மகள் நாலாம் வகுப்பு. அவளுக்கு வீசிங். மழை பிடித்தால், பனி இறங்கினால், அவள் நெஞ்சுக்குள் சின்னதாக ஒரு விசில் கேட்கும். அந்த விசிலைக் கேட்டதும் எனக்கு உயிரே இருக்காது. யூகலிப்டஸ் தைலம், தூதுவளை ரசம், பூண்டுப்பால், யாரோ சொன்ன வெற்றிலைச்சாறு என்று கொடுக்காதது இல்லை. டாக்டர் கொடுத்த, வாயில் வைத்து மருந்தை இழுக்கிற பம்பைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு அக்கா, "பொம்பளப் பிள்ளைக்குப் பம்பா? பழகிரும்ல! நாளைக்கு ஒரு இடத்துல கட்டிக் குடுக்க வேணாமா?" என்று கன்னத்தில் கை வைத்தார். பிள்ளை மூச்சு விட்டால்தானே கட்டிக்கொடுக்கவே முடியும் என்று நான் போட்ட சத்தத்தில் அக்கா ஒரு வாரம் எங்கள் பக்கம் திரும்பவில்லை. பிறகு அவரே கேரட் கொண்டுவந்து கொடுத்துச் சமாதானம் ஆனார்.

இந்த நிலைமையில்தான் பூனை வந்து சேர்ந்தது. ஒரு மழை நாளில் வேனுக்கு அடியில் நனைந்துபோய்க் கத்திக்கொண்டு கிடந்ததை மகள் தூக்கி வந்தாள். அதற்கு அவள் வைத்த பெயரை இங்கே எழுதக் கூடாது என்பது அவளுடைய உத்தரவு. பூனையின் அனுமதி வாங்கவில்லையாம். பூனை வந்த மழைக்காலத்திலேயே அவளுக்கு வீசிங்கும் கூடியது. எனக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? பூனைதான், வேறு எதுவும் இல்லை என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். மேட்டு பேக்கரிக்காரர் விறகுக் கொட்டகையில் எலித் தொல்லை என்று ஒரு பூனையைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டேன். மகள் பூனையைச் சட்டைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு, "எடு பாப்போம்" என்று நின்றாள். எடுக்க முடியவில்லை.

அப்படியே இழுபறியாகக் கிடந்தபோதுதான் பள்ளிக்கூடத்தில் ஒரு மீட்டிங் போட்டார்கள். மதுரையிலிருந்து ஓர் ஆராய்ச்சிக் குழு வந்திருந்தது. அதில் பேசியது ஒரு சின்னப் பெண். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் குரங்குக் குல்லா, முகத்தில் மூக்கும் கண்ணாடியும் மட்டும்தான் தெரிந்தது. மலைப்பிள்ளைகளில் சிலருக்கு மட்டும் ஏன் வீசிங் வருகிறது, வீட்டுப் புகையா, தூசியா, பூஞ்சணமா, பிராணியா என்று பார்க்கப் போகிறார்களாம். பிள்ளைகளின் மூச்சை அளப்பார்களாம். கையில் ஊசி முனையால் லேசாகக் கீறி, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிப்பார்களாம். வருஷா வருஷம் வந்து, இந்தப் பிள்ளைகள் பெரியவர்களாகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். கூடவே அம்மா அப்பாவில் ஒருவரையும் சோதிப்பார்களாம்.

எனக்குக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிப்பார்கள்! அன்று சாயங்காலமே மகளை உட்காரவைத்துப் பேசினேன்.

"பாப்பா, ஊசி போட்டுப் பாப்பாங்க. பூனைன்னு வந்தா பூனை பேக்கரிக்குப் போயிரணும். சரியா?"

"வரலைன்னா?"

"வரலைன்னா இந்த சென்மத்துல நான் பூனையப் பத்திப் பேச மாட்டேன்."

அவள் யோசித்தாள். வக்கீலுக்குப் படிக்க வைக்கலாம் இவளை. "எனக்கு மட்டும் எதுக்கு ஊசி? நீயும் போட்டுக்கணும்."

"போட்டுக்கிட்டாப் போச்சு! இந்த வீட்ல யாருக்குப் பூனை ஒத்துக்கலைன்னாலும் பூனை போகுது. இதான் சட்டம்."

"யாருக்கு வந்தாலும்?"

"யாருக்கு வந்தாலும்."

வேனைத் துடைத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "கோர்ட்டு கலைஞ்சா சாப்பாடு போடுங்க" என்றார்.

சில நாள் கழித்து அந்தப் பெண் போன் செய்தாள். "அக்கா, நாளைக்கு உங்க தெருவுக்கு வர்றோம். பிள்ளைங்க படுக்கிற மெத்தையில இருந்து தூசி எடுக்கணும்." நான் "வாங்க வாங்க, தாராளமா வாங்க" என்று வாயெல்லாம் பல்லாகச் சொல்லி போனை வைத்தேன். வைத்த கையோடு சேலையைத் தூக்கிச் செருகினேன்.

மதுரையிலிருந்து ஒருத்தி வந்து என் மெத்தையில் தூசி எடுப்பதா? ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் வீட்டு மெத்தையில்? வெள்ளனே எழுந்து ஆரம்பித்தேன். மெத்தையைத் தூக்கி வெளியே போட்டு அடித்த அடியில் தெரு நாய் எழுந்து போய்விட்டது. கம்பளிகளை உதறினேன். தலையணை உறையெல்லாம் சோப்புத் தண்ணீரில் போட்டேன். தரையை இரண்டு முறை துடைத்து, மூன்றாவது முறை வாசனைக்காகத் துடைத்தேன். நான்தான் இப்படி என்று நினைத்து வெளியே எட்டிப் பார்த்தால், மாதாவே! தெரு முழுக்கத் திருவிழா. போன் எல்லா வீட்டுக்கும்தானே போயிருக்கிறது! எதிர்வீட்டு அக்கா பேரன் படுக்கிற மெத்தையை வேலிமேல் போட்டு விறகுக்கட்டையால் சாத்திக்கொண்டிருந்தார். கைப்பிடிச் சுவர் நெடுக ரஜாய், கம்பளி, ஜமுக்காளம். அதிசயமாக வெயிலும் அடித்தது. கீழே காரை நிறுத்திவிட்டு ஏறி வந்த டூரிஸ்டுகள் சிலர் அந்தக் கலர்களைப் பார்த்து, இங்கே என்ன பண்டிகை என்று கேட்டு, ரஜாய்க்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

கடைசியில் சாம்பிராணியும் போட்டேன். விருந்தாளி வருகிறாள் அல்லவா!

அந்தப் பெண் வந்தாள். வாக்குவம் கிளீனரின் மூக்கில் வெள்ளைத்துணி மாதிரி ஒரு பில்டரை மாட்டி, மகளின் மெத்தைமேல் அங்குலம் அங்குலமாக இழுத்தாள். நிறுத்தி, பில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். பில்டர் அவள் கொண்டுவந்தபோது இருந்ததைவிட வெள்ளையாக இருந்ததாக எனக்குத் தோன்றியது.

"அக்கா, ஒண்ணுமே இல்லியே."

"ஸ்தோத்திரம்!" என்றேன் நான்.

அவள் மெத்தை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பாவம், அழுதுவிடுவாள் போலிருந்தது. "அக்கா, இந்தத் தெருவுல ஒரு வீட்ல கூடத் தூசி கெடைக்கல. காலைல இருந்து வாக்குவத்தத் தூக்கிட்டு ஏறி எறங்கிட்டு இருக்கேன். தூசியப் பரிசோதிச்சுப் பாத்தாத்தானே பிள்ளைங்க ராத்திரி பூரா எதைச் சுவாசிக்குதுன்னு தெரியும்? நீங்க எல்லாத்தையும் கழுவி வச்சுட்டா நான் எதைக்கா பரிசோதிக்கிறது?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சோதனைக்கு முந்தி எல்லோருமாகச் சேர்ந்து கேள்வித்தாளைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறோம்! சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவளைப் பார்த்தால் சிரிக்கவும் முடியவில்லை. சூடாக டீ போட்டுக் கொடுத்தேன். அதைக் குடித்துவிட்டு அவள் தெருப் பெண்களையெல்லாம் கூட்டி வைத்து, கைகூப்பாத குறையாகக் கேட்டாள். "நான் ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன். அது வரைக்கும் பிள்ளைங்க படுக்கையத் தொடாதீங்க. உதறாதீங்க, வெயில்ல போடாதீங்க. எப்பவும் போல இருங்க. புண்ணியமாப் போகும்."

எப்பவும் போல இருப்பதாம்! எனக்கு எப்பவும் என்பதே உதறுவதுதானே! ஊசி குத்துகிற நாளையும் அதையொட்டியே வைத்திருந்தார்கள். அதற்கு முன்னால் தும்மல் மாத்திரை எதுவும் போடக்கூடாது, போட்டால் ஊசியில் ஒன்றும் தெரியாது என்றும் சொல்லிவிட்டாள். அந்த மாத்திரை எனக்குக் காலைக் காபி மாதிரி. கொடைக்கானல் குளிருக்குத் தும்மாதவர் யார் என்று நான் பாட்டுக்கு வருஷக்கணக்காக விழுங்கிக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களை நான் எப்படிக் கடந்தேன் என்று ஆண்டவருக்குத்தான் தெரியும். மகளுடைய அறை வாசலில் நின்று, மெத்தைமேல் கிடக்கும் பிஸ்கட் தூளைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். கை தானாக நீளும். "அம்மா! ஆராய்ச்சி!" என்று உள்ளேயிருந்து ஒரு அதட்டல் வரும். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் போட்ட ஆட்டம் இருக்கிறதே! கம்பளியை மடிக்கச் சொன்னால் ஆராய்ச்சி. பொம்மையை எடுத்து வைக்கச் சொன்னால் ஆராய்ச்சி. தலைக்குக் குளிக்கச் சொன்னதற்கும் ஆராய்ச்சி என்றாள், அது செல்லாது என்று தள்ளுபடி செய்தேன். என் வீட்டுக்காரர் சாக்ஸைக் கழற்றி நடு ஹாலில் போட்டுவிட்டு, "நானும் அறிவியலுக்கு என்னால ஆனதச் செய்றேன்" என்றார். பூனை ராஜா மாதிரி மெத்தை நடுவில் படுத்திருந்தது. அதையும் எப்பவும் போல விடவேண்டுமாமே! மாத்திரையும் இல்லாமல் நான் அடுக்கடுக்காகத் தும்மினேன். "பாத்தீங்களா, கூட்டிப் பெருக்காத வீட்டு லட்சணத்த! தும்மித் தும்மியே செத்துருவேன்!" என்று கத்தினேன். லாட்ஜில் என் கோபத்தையெல்லாம் காட்டியதில், அந்த இரண்டு வாரமும் அறைகள் பளபளத்தன. மேனேஜர் கூப்பிட்டுப் பாராட்டினார்.

அந்தப் பெண் மறுபடி வந்தாள். வாக்குவத்தை இழுத்தாள். பில்டரைக் கழற்றினாள். நான் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டேன்.

"சூப்பர்க்கா! அருமையான தூசி!" என்று அவள் குதித்தாள். "இந்தத் தெருவுலயே உங்க வீட்லதான்கா நெறைய!"

என் வாழ்நாளில் யாரும் என் வீட்டு அழுக்கைப் பாராட்டியதில்லை. வெட்கப்படுவதா, பெருமைப்படுவதா என்றே தெரியவில்லை. அவளுக்கு இரண்டு முட்டை பொரித்துக் கொடுத்தேன்.

ஊசி நாள் வந்தது. பள்ளிக்கூட ஹாலில் முதலில் மூச்சு அளந்தார்கள். ஒரு குழாயை வாயில் வைத்து, ஒரே மூச்சாக, நெஞ்சு காலியாகிற வரைக்கும் ஊதவேண்டும். பிள்ளைகள் பாதியிலேயே விட்டுவிட்டுச் சிரித்தன. அந்தப் பெண் தொண்டை கட்டிப்போய், "ஊதுங்க, ஊதுங்க" என்று கீச்சிட்டாள். இந்தக் குரலுக்கு யார் ஊதுவார்? "தள்ளு தங்கச்சி" என்று நான் முன்னால் போய் நின்றேன். "ஊது! விடாத! இன்னும்! இன்னும்! வயித்த எக்கு! நிறுத்துன, தொலைச்சுருவேன்!" என் மகள் கண் பிதுங்க ஊதினாள். பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் ஏறி நின்று "இன்னும்! இன்னும்!" என்று கூட்டமாகக் கத்தின. எதிர்வீட்டு அக்கா பேரனுக்கும் நான்தான் கத்தினேன். அன்றைக்கு எல்லாப் பிள்ளைகளும் நன்றாக ஊதியதாக அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். நான் தரையிலேயே இல்லை.

பிறகு என் முறை. மகள் பழிவாங்குகிற சந்தோஷத்தில் இடுப்பில் கை வைத்து எனக்கு முன்னால் நின்றாள். "ஊதும்மா! விடாத! தொலைச்சுருவேன்!" நான் ஊதினேன். அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை ஊதுங்கக்கா" என்றாள். ஊதினேன். "இன்னொரு தடவை." எனக்கு ரோஷம் வந்து, கண்ணில் பூச்சி பறக்க ஊதினேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடு ஏறுனா மூச்சு வாங்குமாக்கா?"

"எனக்கா? செண்பகனூர் மேட்டுல வீட்டக் கட்டி வச்சுருக்கேன். தெனம் ஏறுறேன். ஒரு நாள் மூச்சு வாங்குனதில்ல."

"அம்மா நடுநடுவுல நின்னு வியூ பாப்பாங்க" என்றாள் மகள்.

"வியூவா?"

"ஆமா. ஒவ்வொரு வளைவுலயும். கைய வச்சுச் சாஞ்சுக்கிட்டு, கொஞ்ச நேரம் பாத்துட்டுத்தான்..." சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தவள் நடுவில் நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பெண்ணும் என்னைப் பார்த்தாள்.

எனக்கும் சிரிப்பு வரவில்லை. சின்ன வயதில் ஓட்டப்பந்தயத்துக்கு நான் நின்றதே இல்லை, எப்போதும் மற்றவர்களின் செருப்புக்குக் காவல். மேடு என்றால் எல்லோரும் அப்படித்தான் நின்று நின்று ஏறுவார்கள், வேகமாக ஏறுகிறவர்கள் ரசனை கெட்டவர்கள் என்று இத்தனை வருஷமும் நம்பியிருக்கிறேன். அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். "சின்ன வயசுல நுரையீரல் எப்படி வளருதோ, அத வச்சுத்தான்கா கடைசி வரைக்கும் ஓட்டணும். அதனாலதான் இந்தப் பிள்ளைங்கள இப்பவே பாக்குறோம். உங்களுக்கும் ஒண்ணும் கெட்டுப் போயிரல. டாக்டரப் பாத்து ஒழுங்கா மருந்து எடுத்தா நல்லா இருப்பீங்க." சரி சரி என்று தலையாட்டிவிட்டு, "ஊசியப் போடு தங்கச்சி" என்று கையை நீட்டினேன். பூனை வழக்கு பாக்கி இருந்ததே!

என் கையும் மகள் கையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில். பேனாவால் புள்ளி வைத்து, புள்ளிக்கு ஒரு சொட்டு விட்டு, ஒரு சின்னக் கீறல். எந்தப் புள்ளி எதற்கு என்று மகள் முதலிலேயே கேட்டு வைத்துக்கொண்டாள். மணிக்கட்டுப் பக்கம் தூசிப்பூச்சி, அதற்கு மேலே பூஞ்சணம், கரப்பான், நாய். முழங்கை மடிப்புக்குக் கீழே பூனை. சொறியக் கூடாது, சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். மகள் பூனைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே வாய்க்குள் அருள் நிறைந்த மரியே சொன்னாள். நடுவில் கண்ணைத் திறந்து, "மாதாவுக்குப் பூனை பிடிக்குமாம்மா?" என்று கேட்டாள். "தெரியலையே" என்றேன்.

மணிக்கட்டுப் பக்கம்தான் முதலில் வீங்கியது. சிவந்து, உப்பி, கொசுக்கடிக்கு அண்ணன் மாதிரி நின்றது. தூசிப்பூச்சி! கண்ணுக்குத் தெரியாத பூச்சியாம், மெத்தையிலும் கம்பளியிலும் குடியிருக்குமாம். ஈரம் காயாத மலை வீடு அதற்குச் சொர்க்கமாம். லாட்ஜில் கழித்துக் கொடுத்த கம்பளிகளை, பிள்ளைக்குக் குளிருமே என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்தியது யார்? நான்தான். எவ்வளவு உதறினாலும், பச்சைத்தண்ணீரில் அலசினாலும் அது சாகாதாம். நல்ல வெந்நீரில் துவைக்க வேண்டுமாம். ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் வீட்டில் பூச்சி!

மகள் இது எதையும் காதில் வாங்கவில்லை. அவளுடைய முழங்கை மடிப்புக்குக் கீழே இருந்த தோல் சும்மா, சமமாக, அழகாக இருந்தது.

"வரல! வரலைம்மா! பூனை வரல!" ஹாலே அதிரும்படி கத்திக்கொண்டு நாற்காலிமேல் ஏறிவிட்டாள். எனக்கும் என்னவோ போலாகி, சந்தோஷத்தில் அவளைத் தூக்கப் போனேன். கையை நீட்டியபோதுதான் அவள் என் கையைப் பார்த்தாள்.

என் முழங்கை மடிப்புக்குக் கீழே, பெரிதாக, சிவப்பாக, ஒரு தடிப்பு.

அவள் நாற்காலியிலிருந்து இறங்கினாள். "இது பூனைப் புள்ளிதானேக்கா?" என்று அந்தப் பெண்ணிடம் ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள். பிறகு வீட்டுக்கு மேடு ஏறினோம். வளைவுகளில் நான் நின்றபோது அவளும் நின்றாள். இது வரைக்கும் நின்றதில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து நான் அடுப்பில் கறி வைத்திருந்தேன். கம்பளிகளையெல்லாம் லாட்ஜ் லாண்டரியில் கொதிக்கிற தண்ணீரில் போட மேனேஜரிடம் கேட்டாயிற்று. அவற்றை வேனில் ஏற்றிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் வாசலிலிருந்து கூப்பிட்டார். "ஏம்மா, பாப்பா பேரிக்காய் அட்டைப்பெட்டியத் தூக்கிக்கிட்டு மேட்டுல ஏறுது. பெட்டிக்குள்ள இருந்து சத்தம் வேற வருது. என்னன்னு கேட்டா பதில் சொல்ல மாட்டேங்குது."

எனக்குப் புரிந்துவிட்டது. அடுப்பை அணைத்தேனா என்றுகூட நினைவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். நான், ஓடினேன்! "ஏய் பாப்பா! நில்லுடி!" அவள் நிற்கவில்லை. பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெரசாக ஏறிக்கொண்டிருந்தாள். ஒரு வளைவைத் தாண்டினேன். அடுத்த வளைவுக்கு வந்தபோது கால் நின்றுவிட்டது. கூப்பிட வாயைத் திறந்தால் காற்றுக்கே வழியில்லை, குரலுக்கு எங்கே போவது? சுவரில் சாய்ந்துகொண்டேன். நெஞ்சுக்குள்ளிருந்து சின்னதாக ஒரு விசில் வந்தது. அவளுடைய அதே விசில்.

மேலே போனவள் திரும்பிப் பார்த்தாள். அப்படியே நின்றாள். பிறகு இறங்கி வந்தாள்.

"வியூ பாக்குறியாம்மா?"

"ஆமா..."

"பொய்."

பெட்டியைச் சுவரோரம் வைத்தாள். தோளில் தொங்கிய, நான் பூப்போட்டுத் தைத்துக் கொடுத்த பையைத் திறந்து பம்பை எடுத்தாள். குழாயை மாட்டினாள், குலுக்கினாள், என் வாயில் வைத்தாள். "மூச்ச வெளிய விடு. இன்னும். இன்னும். இப்ப மெதுவா இழு. பிடி. விட்ட, தொலைச்சுருவேன்!" என் குரல், என் அதட்டல், அச்சு அசல். மூச்சைப் பிடித்துக்கொண்டே எனக்குச் சிரிப்பு வந்தது. "சிரிக்காத, மருந்து போயிரும்" என்று இன்னொரு அதட்டல்.

கொஞ்ச நேரத்தில் நெஞ்சு இளகியது. ஒரு கதவைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. இத்தனை காற்றா இந்த மேட்டில் இருந்தது?

"ஏண்டி பூனையக் கொண்டு போற?" என்றேன்.

"சட்டம்மா. யாருக்கு வந்தாலும்னு நீதான சொன்ன."

"உனக்கு அழுகை வரலையா?"

"வருது." வந்துதான் இருந்தது, மூக்கு நுனியெல்லாம் சிவந்திருந்தது. "பேக்கரியில பூனைக்கு எலி கெடைக்கும். உனக்கு மூச்சு கெடைக்கும்ல. நீ சும்மா சும்மா நின்னு நின்னு வர்றப்ப நாங்க சிரிச்சோம்மா."

நான் அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். இரண்டு பேரும் தெருவில் நின்று அழுதோம், போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள், பார்க்கட்டும். பெட்டியின் மூடியைத் தலையால் முட்டித் திறந்துகொண்டு பூனை எட்டிப் பார்த்தது. நான் அதன் முகத்துக்கு நேராக, அடுக்காக, பெரிய பெரிய தும்மலாகத் தும்மினேன். அது விதிர்விதிர்த்துப் போய் மறுபடி பெட்டிக்குள் பதுங்கியது. மகள் அழுகையோடு சிரித்துவிட்டாள். எனக்கும் தாங்கவில்லை.

"சட்டம் போட்டது யாரு?"

"நீ."

"அப்ப மாத்துறதும் நான்தான். பூனை பேக்கரிக்குப் போகல. வேன் ஷெட்ல இருக்கட்டும். வீட்டுக்குள்ள கால் வைக்கப்படாது. நான் டாக்டர்கிட்டப் போறேன், எனக்கும் ஒரு பம்பு வாங்குறேன். காலைல ரெண்டு பேரும் வாசல்ல நின்னு சேந்து இழுப்போம். எதிர்வீட்டு அக்கா நல்லாப் பாக்கட்டும். சரியா?"

"யாருக்கு வந்தாலும் இதான் சட்டமா?"

"யாருக்கு வந்தாலும்."

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினாள். அவள் அப்பாவிடம் ஷெட்டில் இடம் கேட்க வேண்டுமே, அந்த அவசரம். நான் உடனே போகவில்லை. சுவரில் கை வைத்து, நெஞ்சு நிறைய இழுத்து, மெதுவாக விட்டேன். மேகம் விலகியிருந்தது. அடுக்கம் ரோட்டில் ஒரு மஞ்சள் லாரி ஊர்ந்து போனது. அதற்கும் கீழே, பெரியகுளம் பக்கம், கண்மாய் ஒன்று வெயிலில் மின்னியது. அங்கே ஒரு கண்மாய் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.